சிம்மக்கல்லில் நான் கழற்ற வைத்த ஏழு தகரங்கள்

மதுரையில் கேமராவோடு தெருவில் நிற்பவனை யாரும் நம்புவதில்லை. கோபுரத்தை எடுத்தால் பக்தன். கல்யாண மண்டபத்தில் எடுத்தால் தொழில்காரன். இரண்டும் இல்லாமல் ஒரு பழைய கட்டடத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தால், இடத்தைப் பறிக்க வந்தவன் அல்லது பைத்தியக்காரன். நான் ஒரே நாளில் இரண்டுமாக இருந்தேன். அதற்காக வெட்கப்படச் சொல்கிறார்கள். பாதி வெட்கப்படுகிறேன். மீதியைத் தர முடியாது.

எனக்கு ஆரப்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை. வாரத்தில் ஆறு நாள் கருகிப்போன செம்புக் கம்பியை முகர்ந்துகொண்டிருப்பவன். ஞாயிறு காலையில் மட்டும் கேமராவை மாட்டிக்கொண்டு டவுனுக்குள் சுற்றுவேன். கோபுரத்தை எடுக்க மாட்டேன். அதை எடுக்க ஊரே இருக்கிறது. எனக்கு வேண்டியது கடைத்தெரு மாடிகள். கீழே பிளாஸ்டிக் குடம் தொங்கும். மேலே எவனோ ஒரு கொத்தனார் சுண்ணாம்பில் கிளி செய்து வைத்திருப்பான். அந்தக் கிளியின் கழுத்தைச் சுற்றிக் கேபிள் ஒயரைக் கட்டியிருப்பார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிம்மக்கல் சந்து ஒன்றில் அப்படி ஒரு கட்டடம். மேலே அரைவட்ட ஜன்னல்களில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. கீழே ஏழு கடைகள். கடைகளுக்கு முன்னால் வரிசையாக உருண்டைத் தூண்கள். ஆனால் தூண்களை யாரும் பார்க்க முடியாது. ஏழு கடைக்காரர்களும் சாக்கடையைத் தாண்டி நாலடிக்குத் தகரம் இறக்கி, அதற்கு முன்னால் பேனரும் கட்டி மூடியிருந்தார்கள். மூன்று ஞாயிறு போனேன். மூன்று முறையும் தகரத்தைத்தான் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இதற்கிடையில் கட்டட ஓனர் மாடி முகப்பு முழுவதையும் அலுமினியப் பலகையால் மூடப்போகிறார் என்று தெரிந்தது. பலகைகள் வந்து சந்து முனையில் இறங்கிவிட்டன. எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அன்றைக்கு மத்தியானம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அதனால் சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டிருந்தேன். (இது முதல் தப்பு.) என் மனைவி செல்வியும் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். "கேமரா சூடாகுது, குடையைப் பிடி" என்று சொல்லி அவளை என் பின்னால் நிற்க வைத்தேன். (இரண்டாவது.) முழுக் கட்டடமும் ஒரே படத்தில் விழ எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று காலடியால் அளந்து, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். (மூன்றாவது. இதற்கு மன்னிப்பே கிடையாது.)

இந்த ஊரில் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆக்கிரமிப்பு எடுக்கக் கார்ப்பரேஷன் ஆள் வருகிறான் என்றால் முதலில் ஒருத்தன் வந்து படம் எடுப்பான், அளப்பான், எழுதுவான். பின்னாலேயே ஜேசிபி வரும். ஜேசிபி இழுத்தால் தகரம் அப்பளமாக நொறுங்கிவிடும். அதற்கு முன்னால் நாமே கழற்றி உள்ளே வைத்துவிட்டால், அவர்கள் போனதும் நாமே மாட்டிக்கொள்ளலாம். மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் நினைப்பு வரவில்லை. தூண் மட்டும்தான் நினைப்பில் இருந்தது.

முதல் கடை டீக்கடை. மாஸ்டர் கருப்பையா அண்ணன் கிளாஸைக் கழுவியபடியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், எந்த ஆபீஸ்ல இருந்து?"

"ஆபீஸெல்லாம் இல்லண்ணே. சும்மாதான்."

இன் பண்ணிய ஆள் ஒருவன் நோட்டோடு நின்று 'சும்மா' என்று சொன்னால் எவன் நம்புவான்? அவர் முகம் சுருங்கியது.

"சும்மான்னா?"

"இந்தத் தகரம் மறைக்குதுண்ணே. தூண் தெரிய மாட்டேங்குது."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் திரும்பிப் பக்கத்துக் கடையைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, தூண் தெரியணுமாம்ப்பா."

அம்புட்டுத்தான். ஸ்பேனர் வந்தது. ஏணி வந்தது. முதல் தகரம் இறங்கியது. அடுத்து பாத்திரக்கடைத் தகரம். மூன்றாவது தகரம் கழன்றபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்போதே 'அண்ணே, நான் மோட்டார் கட்டுறவன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தூண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சுண்ணாம்பில் ஒரு பூக்கூடை. நாலு ஞாயிறாகத் தவம் கிடந்த எவனாவது அந்த நேரத்தில் வாயைத் திறப்பானா?

திறந்தேன். "அந்த பேனரும் மறைக்குது" என்று விரலை நீட்டினேன். பேனர் இறங்கியது. (இதை நான் இதுவரை எந்தக் கடைக்காரரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.)

ஏழு தகரமும் இறங்கின. வெயில் நேராக உள்ளே விழுந்தது. தூண்களும் ஜன்னல்களும் பூக்கூடைகளும் முழுசாக நின்றன. ஒரு படம் எடுத்தேன். அடுத்ததற்குள் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது.

பிளாஸ்டிக் கடை அக்கா செல்விக்கு ஸ்டூல் போட்டு, டீ கொடுத்து, மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், பிள்ளைக்குப் பரீட்சை நேரம். ஒரு பத்து நாளு டயம் குடுக்கச் சொல்லுங்க சார்கிட்ட."

"எதுக்கு டயம்?"

"இடிக்கத்தான்."

"இவரா இடிக்கப் போறாரு? எங்க வீட்ல ஒரு ஆணி அடிக்க ஆளு கூப்பிடணும்க்கா. ஆரப்பாளையத்துல வைண்டிங் கடை வச்சிருக்காரு. இது ஞாயித்துக்கிழமை வந்தா பிடிக்கிற கிறுக்கு."

ஏழு கடைக்காரர்களும் என்னைச் சுற்றி வந்தார்கள். கருப்பையா அண்ணன் கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது.

"ஏன்யா, வேலை மெனக்கெட்டு கழட்டுறோமே, பார்த்துக்கிட்டே நின்னியே?"

"நான் கழட்டச் சொல்லலையேண்ணே."

"மறைக்குதுன்னு சொன்னியா இல்லையா?"

"மறைச்சுச்சு. சொன்னேன்."

பாத்திரக்கடைக்காரர் கேமராவைப் பிடித்தார். "முதல்ல படத்தை அழி. அப்பறம் பேசுவோம்."

செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். "அழிச்சுட்டு வாங்க, காதுகுத்துக்கு நேரமாச்சு."

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அழித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. தப்பு என் மேல்தான். அது தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

"அழிக்க மாட்டேன். அடி விழுந்தாலும் அழிக்க மாட்டேன். இருபது வருசமா தூணுக்கு முன்னால நிக்கிறீங்க, ஒருத்தராவது திரும்பிப் பார்த்தீங்களா? நாளைக்கு மேலயும் மூடப்போறாங்க. தகரம்தான வேணும்? ஏழையும் நானே மாட்டித் தாரேன். படத்துல மட்டும் கை வைக்காதீங்க."

கருப்பையா அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்க்கக் குனிந்தார். பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எந்த ஊர்ல எடுத்தது?"

"உங்க கடைதாண்ணே. கீழே பாருங்க, பாய்லர் தெரியுதா?"

அவர் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். இப்போது மனம் இளகி, தோளில் தட்டி, டீ கொடுப்பார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "படத்தை வச்சுக்க. ஏணியில ஏறு."

ஏறினேன். இன் பண்ணிய சட்டையோடு ஏழு தகரம். இரண்டு விரல் கிழிந்தது. ஷூ சாக்கடைக்குள் போனது. கீழே ஏழு பேரும் நின்று, "இடது பக்கம் தாழுது பாருங்க ஆபீசர்", "அந்த போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்க ஆபீசர்" என்று வேலை வாங்கினார்கள். நாலாவது தகரத்தைக் கோணலாக மாட்டியதற்குக் கழற்றி மறுபடி மாட்ட வைத்தார்கள். காதுகுத்து முடிந்து, பந்தி முடிந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தோம். செல்வி நின்ற இடத்திலேயே கூட்டத்தைச் சேர்த்து, டீயிலிருந்து சாக்கடை வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அன்றிலிருந்து அவள் பக்கத்துச் சொந்தம் முழுவதற்கும் நான் ஆபீசர்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரமே அலுமினியம் அடித்துவிட்டார்கள். இப்போது அது ஊரில் உள்ள எல்லாக் கட்டடத்தையும் போல ஒரு பளபளப்புப் பெட்டி. அது எப்படி இருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இருப்பது என்னுடைய அந்த ஒரு படம்தான். ஆகவே யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

போன மாதம் கோச்சடையில் என் மச்சான் கட்டிய புது வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் நின்று கேமராவைத் தூக்கினேன். உடனே என் மாமியார் மாடிக் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே எல்லாரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.

"வேற ஏதும் மறைக்குதா மாப்ள?"

பார்த்தேன்.

"அந்த வாட்டர் டேங்க் மறைக்குது அத்தை" என்றேன்.