தேங்காயெண்ணெய் விட்ட துவக்கு

துவக்குச் சத்தம் கேட்டால் நான் முதலில் தேடுவது மேசைக்கு அடியைத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். (மேசை கிடைக்காத ஒருநாள் மாட்டுக்கடியில் படுத்திருக்கிறேன். மாடு ஒன்றும் சொல்லவில்லை.) அப்படிப்பட்ட ஆள், தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலுக்கு வடக்கே ஒரு வெட்டவெளியில், அகன்ற தொப்பியும் தோல் அங்கியுமாக, அறுபது பேர் பார்த்திருக்க, துவக்கொன்றைக் கட்டிப்பிடித்தபடி பதினொரு நிமிடம் நின்றான் என்றால் அதற்குக் காரணம் இருக்கத்தான் வேண்டும்.

காரணத்தின் பெயர் மார்செல். சென்ட் லோரனில் நான் வேலை செய்த உதிரிப்பாகத் தொழிற்சாலையின் ஃபோர்மன். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என்னை, பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறொன்றும் தெரியாத என்னை, கைவேலையை மட்டும் பார்த்து வேலைக்கு எடுத்தவர். அவர் எதையாவது கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வாரநாட்களில் சாதுவான அந்த மனிதர் சனிக்கிழமைகளில் கௌபாய் ஆகிவிடுவார். அங்கே அதற்கென்று ஒரு கழகம் இருந்தது. நூறு வருடத்துக்கு முந்திய உடுப்பு, நூறு வருடத்துக்கு முந்திய மாதிரித் துவக்கு. இரும்புத் தட்டுகளை வரிசையாகச் சுடவேண்டும். ஒருவர் பக்கத்தில் நின்று நேரம் பிடிப்பார். ஆளுக்கொரு பட்டப்பெயரும் உண்டு. எனக்குப் 'புலி' என்று வைக்கலாம் என்றார் மார்செல். அகதி வழக்கு முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நான் அவசரமாகத் தலையாட்டி மறுத்தேன். வேறு எந்த மிருகமென்றாலும் சரி என்றேன். 'நீர்நாய்' என்று பதிந்தார்கள்.

ஜோடிப் போட்டியில் மார்செல் மூன்று வருடமாக இரண்டாவது இடம். மூன்று வருடமும் கிண்ணத்தைக் கொண்டுபோனவர் ஒரு பல் வைத்தியர். இந்தமுறை மார்செலின் ஜோடியான அவருடைய மைத்துனர் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மார்செலுக்கோ கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. "அடுத்த வருடம் எனக்குத் தட்டு தெரியுமோ தெரியாது. நீ வருகிறாயா?" என்று கேட்டார். நான் ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

என் மனைவி சுகந்தி ரொறன்ரோவில் இருக்கும் தமக்கையிடம் ஃபோனில் முறையிட்டாள். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனுசன், இஞ்சை சந்தா கட்டித் துவக்குத் தூக்கிறாரக்கா."

துவக்கு வைத்திருக்க அத்தாட்சிப் பத்திரம் எடுத்து, கோடை முழுக்கப் பழகினேன். மூன்றாம் கிழமையிலிருந்து சத்தத்துக்குக் குனிவதை விட்டேன். ஆறாம் கிழமையில் தட்டில் பட்டது. (நான் குறிவைத்த தட்டு அல்ல.) ஆனால் துவக்கைக் கழுவித் துடைப்பதில் கழகத்திலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மார்செல் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அந்தப் பெருமை என் தலைக்கேறியது. கெட்டது அங்கேதான்.

அவர்கள் சுடுவது பழையகாலக் கருமருந்து. சுட்டு முடிந்ததும் துவக்குக்குள் கரி அப்பிக்கொள்ளும். அன்றே கொதிநீரில் கழுவாவிட்டால் விடியமுன் துருப்பிடித்துவிடும். கழுவியபின் மெஷின் எண்ணெய் போடக்கூடாது, அது கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிடும். தாவரத்திலோ மிருகத்திலோ இருந்து வந்த எண்ணெய்தான் பூசவேண்டும். மார்செல் பூசுவது உருக்கிய மாட்டுக் கொழுப்பு. போட்டிக்கு முதல் கிழமை, எனக்குத் தந்த ரைபிளோடு ஒரு டப்பா கொழுப்பையும் கொடுத்துவிட்டார்.

வில்லரேயில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்த டப்பாவைத் திறந்தேன். சுகந்தி மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மாட்டுக் கொழுப்போ? கந்தசஷ்டி வருது. அதை இப்பவே வெளியில கொண்டுபோங்கோ."

மாட்டுக் கொழுப்புப் பூசிய தோட்டாவால் இந்தியாவில் ஒரு கலகமே மூண்டதாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வெள்ளைக்காரனாலேயே சமாளிக்க முடியாத விஷயம், நான் எம்மாத்திரம்? டப்பா குப்பைக்குப் போனது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் நாட்களில்தான் எங்கள் வீட்டில் பொருட்கள் உடைகின்றன.) தாவர எண்ணெய்தானே வேண்டும்? குளியலறையில் ஒரு போத்தல் முழுக்கத் தேங்காயெண்ணெய் இருந்தது. ஹீற்றருக்குப் பக்கத்தில் தண்ணீர் போலத் தெளிந்து நின்றது. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலைக்கு வைப்பது போலத் தாராளமாக, துவக்கின் சுத்தியலில், தோட்டாவைக் குத்தும் ஊசியில், இடுக்கிலெல்லாம் விட்டேன். ரைபிள் மினுங்கியது. வெள்ளி மாலையே அதைக் கொண்டுபோய், எங்களை ஏற்றிப்போக இருந்த மார்செலின் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

சனி காலை புல்லில் உறைபனி. சுகந்தியும் வந்திருந்தாள், எனக்கு ஏதாவது நடந்தால் பொலிசுக்குச் சாட்சி வேண்டும் என்று.

மார்செல் முதலில் சுட்டார். பத்துக்குப் பத்து. புகை கலைந்ததும் பார்த்தால் பல் வைத்தியரின் முகம் அவரிடம் வந்த நோயாளியின் முகம் போல இருந்தது. நான் செய்யவேண்டியதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் ஆறு தட்டைத் தட்டுவது. கிண்ணம் எங்களுடையது. மார்செல் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மணி ஒலித்தது. விசையை அழுத்தினேன். சுத்தியல், பகல் தூக்கத்திலிருந்து எழும்பும் கிழவர் மாதிரி மெல்லப் போய் விழுந்தது. வெடிக்கவில்லை. மறுபடி இழுத்து அழுத்தினேன். அதே கிழவர். நேரம் பிடிப்பவர், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், துவக்கின் வாய் முன்னுக்கே இருக்கட்டும் என்று எச்சரித்தார். குனிந்து பார்த்தேன். இடுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடந்தது. ஜனவரியில் குளியலறைப் போத்தலில் நான் வருடாவருடம் பார்க்கும் அதே வெள்ளை.

உறைந்த எண்ணெயை என்ன செய்வது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கமக்கட்டுக்குள் வைக்கவேண்டும். வாயை முன்னுக்கு நீட்டியபடியே ரைபிளை அங்கிக்குள் கட்டிப்பிடித்தேன். குனிந்து 'ஹா, ஹா' என்று அதில் ஊதினேன். இடையிடையே பிள்ளையாரையும் கூப்பிட்டேன். கண் தானாக மூடிக்கொண்டது.

திறந்து பார்த்தபோது தீயணைப்பு வீரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். பின்னால் திரும்பினால் அறுபது பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். பல் வைத்தியர்கூட. எங்கள் சமயச் சடங்கு ஏதோ நடக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். கெபெக் சனங்கள் அவ்வளவு மரியாதையானவர்கள். நேரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மௌனத்தில் கயிற்றுக்கு அப்பாலிருந்து சுகந்தியின் குரல் கேட்டது.

"தேங்காயெண்ணெயோ விட்டனீங்கள்?"

"ஓம்."

"நல்லெண்ணெயெல்லோ விட்டிருக்கவேணும். அது இறுகாது."

சொல்லிவிட்டுத் தேநீர்ப் போத்தலைத் தீயணைப்பு வீரரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, மெல்ல நடந்து வந்து என்னிடம் தந்தார். நான் ஆவி பறக்கும் இஞ்சித் தேநீரை ரைபிளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். (இன்று செய்தால் அந்த இடத்திலேயே விலக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றும் அனுப்பியிருக்கவேண்டும்.) சனத்திலிருந்து ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

எண்ணெய் இளகியது. சுட்டேன். ஏழு தட்டு. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை. வெளி முழுக்க யாரோ வடை சுடுவது போல மணந்தது. பதினொரு நிமிடம் நான்கு செக்கன். பல் வைத்தியர் நாலாம் தடவையாகக் கிண்ணத்தை வாங்கிவிட்டு, என் கையைப் பிடித்து, தன் அனுதாபத்தைத் தெரிவித்தார்.

திரும்பும்போதும் மார்செல்தான் காரை ஓட்டினார். எனக்கு இந்த நாட்டில் கை கொடுத்த மனிதருக்கு, கண் தெரியும் கடைசி வருடத்தில் இப்படிச் செய்துவிட்டேனே என்று குன்றிப் போயிருந்தேன். ஏதோ ஒரு பாலத்தைத் தாண்டும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "முப்பது வருடமாகச் சுடுகிறேன். என் துவக்குக்காக ஒருவரும் கடவுளைக் கும்பிட்டதில்லை."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். சுகந்தி விடவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கொழுப்பில் தொடங்கி குளியலறைப் போத்தல் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். மார்செல் காரை ஓரங்கட்டினார். வெளியே இறக்கி விடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். திங்கட்கிழமை தொழிற்சாலை முழுக்கச் சிரித்தது.

மறு வருடம் கண்ணில் ஒப்பரேஷன் செய்துகொண்டு, மைத்துனரோடு போய், மார்செல் கிண்ணத்தை வென்றார். ரைபிளை என் கையில் தரவில்லை. நேரே சுகந்தியிடம் கொண்டுவந்து கொடுத்து, நல்லெண்ணெய் விட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் மகளுக்கு இப்போது வாயில் வருவதெல்லாம் பிரெஞ்சுதான். தமிழில் நாலு வசனம் சேர்த்துக் கதைக்கச் சொன்னால் திணறுவாள். ஆனால் பனி கொட்டும் காலையில் நான் போர்வைக்குள் சுருண்டுகிடந்து எழும்பப் பஞ்சிப்பட்டால், கதவில் வந்து நின்று, ஒரு பிழையும் இல்லாத யாழ்ப்பாணத் தமிழில் தாயைக் கேட்பாள்:

"அம்மா, அப்பா இறுகிப்போனார். தேத்தண்ணி ஊத்தவோ?"