காற்றைத் தள்ளும் பெட்டி

"சத்தத்த நிறுத்துறியா, ஒயர வந்து புடுங்கட்டுமா? கன்னு போட்ட மாடு கயித்த அறுத்துக்கினு ஓடுது!" வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள் பக்கத்து வீட்டு விஜயராணி.

பாகூர் அன்புராஜ் கிதாரை மடியில் வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலு. ஐந்துக்குள் வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் சேவியர் இசைக்குழுவில் இடம். வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் திருவிழா மேடை. ஆறு வருடமாகக் கனவில் ஏறி இறங்கும் மேடை.

ஃபோனில் சேவியர் ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார். "சிமுலேட்டர் சத்தம் அனுப்பாத. ஸ்பீக்கரே இல்லாம ஸ்பீக்கர் மாதிரி ஏமாத்துற டப்பா அது. என் காது கண்டுபுடிச்சிடும். நெசமான ஸ்பீக்கர் காத்தத் தள்ளணும்டா!"

காற்றைத் தள்ளினால் மாடு ஓடுகிறது. ஆகவே தவிட்டுப் பெட்டியைக் காலி செய்து, ஸ்பீக்கரையும் மைக்கையும் உள்ளே வைத்து மூடினான். சத்தம் அடங்கியது. மாடும் அடங்கியது. மூடிதான் அடங்கவில்லை, தடதடவென்று ஆடி, பாட்டுக்குள் மாட்டு வண்டி ஓட்டியது.

கனமாக எதையாவது ஏற்ற வேண்டும். கண்ணில் பட்டது, முளை கட்ட வைத்திருந்த விதைநெல் மூட்டை. தூக்கி மேலே போட்டான்.

"யோவ், இப்பதான் அத தண்ணில இருந்து எடுத்தேன்!" என்றாள் மனைவி புவனேஸ்வரி.

"பத்து நிமிசம்டி!"

மூன்றாவது நிமிடம் மூட்டைத் தண்ணீர் இடுக்கு வழியே உள்ளே இறங்கியது. ஸ்பீக்கர் ஒருமுறை கொக்கரித்தது, ஒருமுறை விக்கியது, பிறகு காற்றைத் தள்ளும் தொழிலையே விட்டுவிட்டது.

மணி நாலு ஐம்பது.

"உங்கிட்டதான் அந்த சிமுலேட்டர் டப்பா இருக்கே, அதுலயே வாசிச்சி அனுப்பேன்யா," என்றாள் புவனேஸ்வரி.

"கண்டுபுடிச்சிடுவாரு!"

"அனுப்பாட்டி மட்டும் மேடை ஏத்துவாரா?"

சிமுலேட்டரில் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான். ஐந்து பத்துக்கு ஃபோன் அலறியது.

"அடேய், இதாண்டா சத்தம்! மரம் பேசுது, காத்து பேசுது! டப்பாக்காரனுக்கு வருமா இது? எதுக்குள்ள வெச்சி வாசிச்ச?"

"த... தவிட்டுப் பெட்டிண்ணே."

"வெள்ளிக்கிழம அந்தப் பெட்டியோடவே வா!"

பெட்டி குட்டியானை வண்டியில் ஏறியது. உள்ளே உள்ளங்கையளவு சிமுலேட்டர். கனம் காட்ட அதே விதைநெல் மூட்டை. மூடியிடுக்கில் எட்டிப் பார்த்த முளைகளை வழிநெடுகக் கிள்ளிக்கொண்டே வந்தான் அன்புராஜ்.

மேடையில் சேவியரின் ஸ்பீக்கர் பெட்டிகள் ஆறு, ஆளுயரத்தில், கறுகறுவென்று நின்றன. அன்புராஜ் அண்ணாந்து பார்த்தான். இன்று மாட்டிக்கொண்டோம்!

அவன் பெட்டியை இறக்கிய மீசைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா இது, இந்தக் கனம் கனக்குது? எங்க மொதலாளி பெட்டி ஆறையும் ஒத்தக் கையில தூக்கியாந்தேன். ஒண்ணுலகூட ஸ்பீக்கர் கெடையாது, எல்லாத்துக்கும் ஒரு சின்ன டப்பாதான்!"