வீல் வளர்ந்தால் டயர் இளைக்க வேண்டுமாம்

அடி அண்ணாமலை,
ஐப்பசி மாதம், 2004.

என் சோடா மாமாவுக்கு,

தங்கள் பாதங்களுக்கு நமஸ்காரம். இவ்விடம் நானும் தங்கள் தம்பி அர்ஜுனனும் தங்கள் காரும் சுகம். தங்கள் சுகத்தைக் கேட்பது முறையா, முறையில்லையா என்று தெரியாததால் அந்த வரியை மட்டும் காலியாக விடுகிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள், தாங்கள் தங்களெல்லாம் இதற்கு மேல் எனக்கு ஓடாது. வீட்டில் பேசின மாதிரி நீ, வா, போ என்றே எழுதுகிறேன். நீ என் அம்மாவுக்குத் தம்பியாக மட்டும் இருந்த காலத்தில், வரும்போதெல்லாம் எனக்குக் கோலி சோடா வாங்கி வருவாய். தாலி கட்டிய பிறகு ஊருக்கு முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாய். இதைத் தபாலில் போட முடியாது, காரின் முன்பக்கப் பெட்டியில்தான் வைக்கப் போகிறேன், அதனால் ஊருக்குத் தெரியாது.

விஷயம் உன் வீல்தான். கட்டிலுக்கடியில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தாயே நாலு அலாய் வீல், அதைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் "இரு, சொல்றேன்" என்றாய், சொல்லாமலே போய்விட்டாய். அதை இழுத்துப் பார்ப்பதும் மறுபடி சுற்றி வைப்பதுமாக நீ இருந்தது என் கண்ணிலேயே நின்றது. காரியம் முடிந்து ஆளெல்லாம் போன பிறகு வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் அதன்மேல் இடித்தது. அங்கேயே உட்கார்ந்து விட்டேன். மனுஷன் ஆசைப்பட்டு வாங்கின பொருளை மாட்டாமலே போய்விட்டானே, கார்த்திகை தீபத்துக்குள் இதைக் காரில் மாட்டி மலையை ஒரு சுற்று சுற்றினால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று அர்ஜுனனிடம் சொன்னேன். இப்போது காரை வாடகைக்கு ஓட்டுவது அவன்தான். ஆசிரமத்துப் பக்கம் இறங்குகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய் வருகிறான்.

அர்ஜுனனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். கேட்டதுமே தலையை ஆட்டினான், யோசித்தானா என்று கேட்காதே. பழைய இரும்பு வீல் பதிமூணு இஞ்சாம், இந்த அலாய் பதினாலு இஞ்சாம். பெரிய காலுக்குப் பெரிய செருப்பு, பெரிய வீலுக்குப் பெரிய டயர் என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேலூரில் தெரிந்தவரிடம் போய் நாலு டயர் மாட்டிக்கொண்டு வந்தான். அதன்மேல் 185, ஒரு கோடு, 70, அப்புறம் 14 என்று எழுதியிருந்தது. கார் பார்ப்பதற்குச் சீமந்தத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிறைந்து நின்றது. நான் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அழுது முடித்தேன். பழம் நசுங்கின சத்தத்துக்குப் பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசி, ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அர்ஜுனன், புதுசு, பழகினால் சரியாகும் என்றான். செங்கம் ரோட்டில் திரும்பும்போது பின்சீட்டில் இருந்த வெள்ளைக்காரம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி விட்டதாம். இறங்கும்போது நாளைக்கும் இதே கார் வேண்டும் என்று கேட்டதாம்.

நான் அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மீட்டர்தான் என் நெஞ்சில் கல்லைப் போட்டது. நம் வாசலில் கிளம்பி மலையைச் சுற்றி நம் வாசலுக்கே வந்தால் பதினாலு கிலோமீட்டர், இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு மீட்டர் பதிமூணே காலைக்கூடத் தொடவில்லை. மறுபடி சுற்றினோம், அதேதான். நீ போனதும் மலையுமா இளைத்துப் போகும் என்று நான் பயந்துவிட்டேன், பைத்தியம் மாதிரி மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அர்ஜுனனுக்கு வேறு பயம். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிறவன், நாள் முழுக்க ஓட்டியும் கம்மியாகக் காட்டினால் அவன் வாயில் மண்தானே. "அண்ணி, இது அண்ணன் ஆசையா, ஊருக்குத் தர்மமா?" என்று கேட்டான். அவன் சாவியை வீசிவிட்டுப் போனால் வண்டியை ஓட்ட ஆளில்லை, உன் வீல் மறுபடி கட்டிலுக்கடியில்தான். அதனால் நானே டவுனில் மொய்னுதீன் பாய் டயர் கடைக்குக் கிளம்பினேன், அர்ஜுனனே வந்து ஓட்டினான்.

பாய்க்கு உன்னை நல்லாத் தெரியுமாம். அண்ணனா அலாய் வாங்கினார், அண்ணனா வாங்கினார் என்று இரண்டு தரம் கேட்டார். பாவம், அவருக்கும் துக்கம் தாங்கவில்லை. அப்புறம் காரைச் சுற்றி வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ரிம்மு ஜாஸ்தியானா ரப்பரு கம்மியாவணும்மா. மொத்த ஒசரம் பழைய டயரு ஒசரமாவேதான் இருக்கணும். ஒசரமான டயரு ஒரு தபா சுத்துனா ரொம்ப தூரம் போயிடும், மீட்டருக்கு அது தெரியாது, சுத்தைத்தான் எண்ணும்."

மலைமேல் குற்றமில்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு பாய் நம்பரை விளக்கினார் பார், வந்த உயிர் திரும்பப் போய்விட்டது. முதல் நம்பர் டயரின் அகலமாம், அது மில்லிமீட்டராம். நடு நம்பர் உயரமாம், ஆனால் மில்லிமீட்டர் இல்லையாம், அகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று கணக்காம். கடைசி நம்பர் ரிம்மாம், அது இஞ்சாம். நம் பழைய டயர் 155, 80, 13. இந்த ரிம்முக்குச் சரியானது 175, 65, 14 என்றார். எண்பது வாங்கினவன் பெயிலு, அறுபத்தஞ்சு வாங்கினவன் பாஸா, இது என்ன பள்ளிக்கூடம் என்று கேட்டேன். ஒரு டயருக்கு மூணு அளவு எதுக்கு என்றும் கேட்டேன். பாய் சிரிக்காமல் சொன்னார்.

"கத்திரிக்கா கிலோவுல வாங்குறீங்க, முருங்கக்கா எண்ணி வாங்குறீங்க, கீரை கட்டா வாங்குறீங்க. கொழம்பு ஒண்ணுதானே?"

குழம்பு புரிந்தது, டயர் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். வேலூர் டயரைக் கழற்றி அவரே எடுத்துக்கொண்டு, அவர் சொன்னதை மாட்டினார். பார்க்க ஒல்லியாகத்தான் இருந்தது, விரதம் இருந்து எழுந்த மாதிரி. திருப்பினால் சத்தமே இல்லை. அந்த வெள்ளைக்காரம்மாவுக்குத்தான் மனசு விட்டுப் போயிற்றாம்.

நேற்றுச் சாயங்காலம் நானும் அர்ஜுனனும் சுற்றினோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, நீ ஓட்டும்போது நான் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியையே பிடித்துக்கொண்டேன். நம் வாசலுக்கு வந்து நிறுத்தினபோது மீட்டரில் பதிமூணு புள்ளி ஒன்பது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அர்ஜுனன் பதறிப்போய், "ஒரு பாயின்டுக்கா அண்ணி அழுவுற? அது காத்து அடிச்சா சரியாப் பூடும்" என்றான். உன் வண்டி நீ ஆசைப்பட்டபடி மலையைச் சுற்றிவிட்டது மாமா. நேற்று ராத்திரி ரெண்டு வாய் ஜாஸ்தியாகச் சாப்பிட்டேன்.

அங்கே என் அம்மாவைப் பார்த்தால் சரோஜா கேட்டதாகச் சொல்லு, உன் அக்காவிடம் சண்டை போடாதே, டயர் கணக்கை எடுத்து விளக்கவும் வேண்டாம், அவளுக்குத் தலைவலி வரும். அண்ணாமலையார் உன்னை நிழலில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் மகளும் பெண்சாதியுமான
சரோஜா.

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் சிநேகிதர் கண்ணாயிரம் வந்தார். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று இத்தனை மாசம் தயங்கினாராம். காரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். வீல் நாலும் அவருடையதாம். பெண்சாதி பொன்னிக்குத் தெரியாமல் வாங்கி, அவள் கோபம் ஆறும் வரை இருக்கட்டும் என்று உன்னிடம் மறைத்து வைத்தாராம். உனக்கு அலாய் என்றாலே ஆகாதாம், பள்ளத்தில் விழுந்தால் இரும்பைத் தட்டி நிமிர்த்தலாம், இதை என்ன செய்வாய் என்று அவரைத் திட்டுவாயாம். நான் கழற்றித் தருகிறேன் என்றேன். பொன்னிக்கு இன்னும் தெரியாதாம். "ஓடட்டும்மா, இதைவிட நல்லா ஒளிச்சி வைக்க எனக்கு எடம் ஏது" என்று காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். வீல் அவர் ஆசை, பெரிய டயர் அர்ஜுனன் ஆசை, மலையைச் சுற்றினது என் ஆசை. இருபத்தோரு வருஷம் உன்னோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன் மாமா. உனக்கென்று என்னதான் ஆசை இருந்தது?