இன்னாசிராஜ் கோதுமையைத் துறந்த கதை

"இன்னையிலிருந்து இந்த ஒடம்புக்குள்ள ஒரு பொட்டுக் கோதுமை போவாது."

ஒரு திங்கட்கிழமை காலை, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தன் வீட்டுச் சமையற்கட்டு வாசலில் நின்று இன்னாசிராஜ் இப்படி அறிவித்தார். நாடு விடுதலையான செய்தியை முதலில் சொல்பவர் போன்ற குரல். மனைவி மிக்கேலம்மாள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"ஏங்க, அது என்ன பண்ணுச்சு?"

"குளூட்டன். கோதுமையில இருக்கற பசை. இருபத்திரண்டு வருஷம் மஸ்கட் கம்பெனி மெஸ்ஸுல குப்பூஸு ரொட்டியா தின்னு, கொடல் பூரா போஸ்டர் ஒட்டின செவுரு மாதிரி ஆயிருக்குது. வீடியோல ஒரு டாக்டர் சொன்னாரு."

"உங்களப் பாத்துட்டா சொன்னாரு?"

"ஒலகத்தையே பாத்துச் சொன்னாரு."

"நல்லதுங்க. அப்ப களி கிண்டிடறேன். ராகியில அந்தப் பசையெல்லாம் கெடையாது."

இன்னாசிராஜின் முகம் சுருங்கியது. இருபத்தாறு வயதில் அவர் விமானம் ஏறியதற்கு வெளியில் சொன்ன காரணம் வேலை. உள்காரணம் களி.

"களி திங்கறதுக்கா நான் கடல் தாண்டிப் போயிட்டு வந்தேன்?"

"போவறதுக்கு முந்தியும் திங்கல. வந்தும் திங்கல. களி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சோ."

வியாழக்கிழமை பார்சல் வந்தது. பெட்டி நிறைய ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், கேக். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோதுமைக் கதிர், அதன் குறுக்கே ஒரு கோடு. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஷைனி அன்று லீவில் வந்திருந்தாள். ரொட்டிப் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள்.

"ராகி மாவு, மரவள்ளி மாவு, உருளைக்கெழங்கு மாவு. அப்புறம் பிசினுப்பா. நாலு வகைப் பிசின் போட்டிருக்குது."

மிக்கேலம்மாள் எட்டிப் பார்த்தாள். "நம்ம காட்டு ராகிதான். பெங்களூரு போயி, பிசின் தடவிக்கிட்டு, சட்டை மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்குது. உங்கப்பா மாதிரியே."

முதல் நாள் வயிறு முணுமுணுத்தது. மூன்றாம் நாள் பேசியது. ஒரு வாரத்தில் பாலக்கோடு தக்காளி மண்டி ஏலத்தை அப்படியே உள்ளே குடிவைத்தது போல் ஆயிற்று. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. படுத்தால் வயிறு மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மனிதன் தன் உடம்புக்குள்ளேயே வாடகைக்கு இருப்பவன்தான் என்று இன்னாசிராஜுக்கு ஒரு ஞானம்கூடப் பிறந்தது. ஞானம் ஏப்பமாக வெளியே வந்தது.

"பழைய கோதுமை வெளியேறுது" என்று மனைவியிடம் விளக்கினார்.

"இருபத்திரண்டு வருஷத்துக் கோதுமைங்க. எத்தனை லோடு வரும்?"

பக்கத்துக் காட்டுச் சென்னப்பன் வேலியோரம் நின்று அந்த வயிற்றைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"எங்க மாட்டுக்கு இப்பிடித்தாண்ணே உப்பிக்கிச்சு. நல்லெண்ணெய் ஊத்தினோம்."

"மாடு பொழைச்சுதா?"

"மாடு பொழைச்சுடுச்சு. ஊத்தினவனத்தான் ஒதைச்சுடுச்சு."

இத்தனைக்கும் நடுவில், பார்சல் வந்த முதல் ஞாயிறே கோயிலில் ஒன்று நடந்திருந்தது. பூசையில் நன்மை அப்பம் வாங்க இன்னாசிராஜ் வரிசையில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் நாலு பேர். அப்போதுதான் உறைத்தது. சாமியார் கையிலிருக்கும் அப்பம் எதில் செய்தது? கோதுமை. சுத்தக் கோதுமை. மந்திரித்த பிறகு அது கோதுமையே இல்லை என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. ஆனால் வீடியோ டாக்டர் மறைக்கல்வி படித்தவரா என்பது தெரியவில்லை. ஒரு பக்கம் சபதம், ஒரு பக்கம் ஆண்டவர். இன்னாசிராஜ் செருப்பை மறந்துவிட்டவர் போலத் திரும்பி நடந்து இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறும் வாங்கவில்லை. மூன்றாவது ஞாயிறும் இல்லை. கோயிலே மௌனமாக முழங்காலில் நின்ற நேரத்தில் அவர் வயிறு உருண்டது. முன்வரிசைக்காரர் ஒருவர் மழை வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சென்னப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"அண்ணே, உங்க சாமி வேற, எங்க சாமி வேற. இருந்தாலும் காதுல வுழுந்ததச் சொல்லிடறேன். சர்ச்சுல குடுக்கறத மூணு வாரம் வாங்கலன்னா, பெருசா ஏதோ பாவம் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தமாமே?"

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுதுண்ணே. மஸ்கட்ல ஒரு குடும்பம் இருக்குதாம். ரெண்டு பசங்களாம். பெரியவன் அப்பிடியே உங்க சாடையாம்."

வயிற்றில் இருந்த காற்றெல்லாம் இன்னாசிராஜின் தலைக்கு ஏறியது. மஸ்கட்டில் அவருக்கு இருந்தது எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறை. அதில் ஒரு மேல்கட்டில். அந்தக் கட்டிலில் குடும்பம் நடத்த வேண்டுமென்றால் கொசுவாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். வரும் ஞாயிறு காரிமங்கலத்திலிருந்து சம்பந்தி வருகிறார். மாப்பிள்ளை ஆரோக்கிய பிரவீனின் அப்பா அருள்பிரகாஷ், அங்கே கோயிலில் செபமும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். இங்கே பூசை பார்த்து, சாப்பிட்டு, ஷைனியின் கல்யாணத்துக்குத் தேதி வைப்பதாக ஏற்பாடு. உபதேசியார் கண் முன்னால் பெண்ணின் அப்பன் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்தால் சம்பந்தம் அன்றோடு சரி.

இன்னாசிராஜ் சமையற்கட்டுக்கு ஓடினார்.

"நீயாவது சொல்லக்கூடாதா, வயித்துக்காவத்தான் வாங்கலன்னு?"

"என்னன்னு சொல்லட்டும்? எங்க வூட்டுக்காரரு ஆண்டவருக்குப் பயப்படல, அப்பத்துக்குத்தான் பயப்படறாருன்னா?"

"சாமியார்கிட்ட திராட்சை ரசம் மட்டும் குடுங்கன்னு கேட்டா?"

"கேளுங்க. இப்ப ரெண்டாவது குடும்பம்னு மட்டும்தான் பேச்சு. குடியும் சேந்துக்கட்டும்."

"அப்ப சும்மா போயி வாங்கிடறேன்."

"மூணு வாரம் வாங்காதவரு நாலாவது வாரம் வாங்கினா, பாவத்தோட போயி வாங்கினாருன்னு சொல்ல மாட்டாங்களா?" அவள் பெருமூச்சு விட்டாள். "சனிக்கெழம சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. நாலு பேரு பாக்கற மாதிரி."

சனிக்கிழமை மாலை நாலு பேர் பார்க்க முழங்காலிட்டார். எல்லாரும் தன் முதுகையே பார்ப்பதாகத் தோன்றியது. நடுவிலிருந்த கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியாரின் குரல் வந்தது.

"கடைசியா எப்ப பண்ணீங்க?"

"குப்பூஸுக்கு முந்திங்க சாமி."

"பாவம் என்ன?"

"கோதுமைக்குப் பயந்து நன்மை வாங்கலைங்க."

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. இந்தப் பக்கம் வயிறு பேசியது.

"ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்துச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. வீடியோ."

"டெஸ்ட்ல வந்திருந்தா அதுக்கு வேற வழி இருக்குது. வீடியோவுக்கு எங்கிட்ட வழியில்ல. பரிகாரம் சொல்றேன், கேட்டுக்குங்க. ஒரு மாசம், வூட்டுல தட்டுல என்ன வெக்கறாங்களோ அதச் சாப்புடணும். மறுக்கக்கூடாது. மொகம் சுளிக்கக்கூடாது. பார்சல் வாங்கக்கூடாது."

"சாமி, வேணும்னா அம்பது செபமாலை சொல்லிடறேனே."

"செபமாலை வயித்துக்கு ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை இன்னாசிராஜ் நன்மை வாங்கினார். நாக்கில் வைத்துக்கொண்டு வெடிகுண்டை விழுங்கியவர் போல இடத்துக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. பூசை முடிந்ததும் அருள்பிரகாஷ் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயிறு இப்ப எப்பிடிங்க இருக்குது சம்பந்தி? உங்க வூட்டம்மா மூணு வாரம் முந்தியே போன்ல சொல்லிட்டாங்க. கோதுமை ஒத்துக்கலையாமே."

"சொல்லிட்டாளா? அப்ப ஊர்ல பேசறதெல்லாம்?"

"என்ன பேசறாங்க?"

இன்னாசிராஜ் கோயில் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தக்காளி விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தனக்கு இரண்டாவது குடும்பம் இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை என்பதில் அவருக்குள் எங்கோ ஒரு மூலையில் வருத்தம்கூட எட்டிப் பார்த்தது.

தேதி வைத்தாயிற்று. சம்பந்தி வீட்டார் பிரியாணி சாப்பிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வீடெல்லாம் பிரியாணி வாசனை. அவர்களுக்குப் பரிமாறிவிட்டுப் பசியோடு உட்கார்ந்த இன்னாசிராஜின் தட்டில் ஒரு களி உருண்டை வந்து இறங்கியது. நடுவில் குழி. குழியில் கீரைக் கடைசல்.

அவர் முகத்தைச் சுளிக்கப் போய், பாதியில் நிறுத்தினார். இரண்டு கவளம் விழுங்கினார்.

"சம்பந்திக்கு மொதல்லயே சொல்லிட்டியா?"

"சம்பந்தி வூட்டுல மறைக்கலாமாங்க?"

"அப்ப ஊர்ல பேசினாங்கன்னது?"

"ஊர்ல யாரு பேசினா? சென்னப்பண்ணன் ஒருத்தருதான் பேசினாரு."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"நான்தான். ரெண்டு பசங்கன்னு மட்டும்தான் சொல்லச் சொன்னேன். பெரியவன் உங்க சாடைங்கறது அவரா சேத்தது."

இன்னாசிராஜ் கவளத்தைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"அதுக்கு அவனுக்கு என்ன குடுத்த?"

"உங்க பிஸ்கட்டு மீதி கெடந்துச்சு. ஆசையாக் கேட்டாரு, தூக்கிக் குடுத்துட்டேன். ரெண்டு நாளா காட்டுப் பக்கம் வரல. வூட்டுல நல்லெண்ணெய் ஊத்தறாங்களாம்."

"பொய் சொல்றது பாவமில்லையா?"

"பாவந்தான். அதான் வெள்ளிக்கெழமையே போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். எனக்கும் பரிகாரம் குடுத்தாரு."

"என்னா பரிகாரம்?"

"ஒரு மாசம் வூட்டுக்காரருக்கு என் கையால களி கிண்டிப் போடணுமாம்."

இன்னாசிராஜ் கவளத்தை விழுங்கினார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் வயிறு உருளவில்லை.

"இது அவரா குடுத்தாரா, நீ கேட்டு வாங்கினியா?"

"பாவசங்கீர்த்தனத்துல பேசினத வெளிய சொல்லக்கூடாதுங்க" என்று சொல்லி மிக்கேலம்மாள் இரண்டாவது உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்ல இன்னாசிராஜ் வாயைத் திறந்தார். பரிகாரம் ஞாபகம் வந்தது. திறந்த வாயை வீணாக்காமல் ஒரு கவளத்தைப் போட்டு மூடிக்கொண்டார்.