கம்பளிக்குள் உறங்கிய மாவு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்து ஆளாக்கியது ஆறு (நாத்தனார் பிள்ளைகளையும் சேர்த்துத்தான்). அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வாளி மாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று இந்த வீட்டில் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததை நானே சொல்கிறேன்.

எண்பதுகளில் அஜ்மானில் ஓர் அரபி வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை லீவு. அன்று பரீதா அக்கா வீட்டு மாடியில் கூடுவோம். அக்கா கீழக்கரைக்காரி, புருஷனுக்குத் துபாய் தேராவில் கடை. சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் அவளிடம் கொடுத்து வைப்போம். சேர்ந்ததை ஒருத்தி எடுத்துத் தொழில் தொடங்குவாள். அவள் திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவளுக்கு. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. பரீதா அக்காவின் வாய் மட்டும் உண்டு (அதுவே போதும்).

முதல் முறை எனக்கு. அடுத்தது யாழ்ப்பாணத்து யோகம். தையல் மெஷினுக்குக் காத்திருந்தாள். நான் கிரைண்டரும் அரிசி உளுந்தும் வாங்கினேன். பக்கத்து லேபர் கேம்ப் ஆட்கள் வெள்ளி மாலை தோசைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தொழில் நிலைத்துவிட்டால், இனி இன்னொருத்தர் வீட்டுத் தரையைத் துடைக்க வேண்டாம்.

வெள்ளி விடியலில் அக்கா வீட்டிலேயே அரைத்து, வாளிகளை விளிம்புவரை நிரப்பினேன். நான் பிறந்தது நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம். அங்கே குளிரில் மாவு லேசில் பொங்காது. கம்பளி சுற்றி அடுப்போரம் வைக்க வேண்டும். அதே பழக்கத்தில் வாளிக்கு ஒரு கம்பளி போர்த்தி, அடுக்களைக் கதவையும் அடைத்தேன். வெளியே ஜூலை மாத வெயில். (எனக்கென்ன தெரியும்? நான் ஏசியில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.)

மதியம் அக்கா, யோகம், நான் மூவரும் படுத்தோம். கண் செருகியது. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வருகிறது. மெதுவாக, வெள்ளையாக, சத்தமே இல்லாமல். கண்ணைத் திறந்தால் கதவுக்கு அடியிலும் அதே பனி. ஊருக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து, அந்தச் சுகத்தில் பார்த்துக்கொண்டே கிடந்தேன். காலை நீட்டியபோது வெதுவெதுப்பாகப் பட்டது.

“யோகம், பனி சுடுதுடி!”

யோகம் எழுந்து கதவைத் திறந்தாள். “ஐயோ அக்கா! என்ர மெஷின் படியால இறங்கிப் போகுது!”

பரீதா அக்கா கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். “புள்ளைக்குப் போத்துற மாதிரி போத்தியிருக்கியே, தாலாட்டும் பாடுனியா?”

“குளிர்ல மாவு பொங்காதேக்கா...”

“எது, இந்த ஊரு குளிரா? யல்லா, அழுவாம வெங்காயத்த உரி. வாளில கெடக்குறதயாச்சும் காப்பாத்துவோம்.”

மிஞ்சியது அரை வாளி, பல் கூசும் புளிப்பு. வெங்காயமும் பச்சை மிளகாயும் அள்ளிப் போட்டுத் தடிமனாகச் சுட்டோம். கேம்ப் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் இன்னொன்று கேட்டுத் தட்டை நீட்டினார்கள். ஒருவர் வாயிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை இழுத்தார்.

“அக்கா, என்ன இது?”

“கம்பளி தம்பி. அதுக்குக் காசு வேணாம்” என்றாள் பரீதா அக்கா.

அடுத்த வெள்ளி அவர்களே கேட்டார்கள்: “கம்பளித் தோசை இருக்கா?” பெயர் நிலைத்தது, தொழிலும் நிலைத்தது. யோகத்துக்கு மெஷின் வந்தது. அதில் அவள் முதலில் தைத்தது, மெல்லிய துணியில் இரண்டு வாளி மூடி. “இனி இதால மூடுங்கோ. கம்பளியை என்னட்டத் தாங்கோ.”

இந்த வீட்டில் யார் தூக்கக் கலக்கத்தில் விழித்தாலும், “என்ன, பனி சுடுதா?” என்பார்கள். அந்தத் தோசையில் வளர்ந்த வாய்கள்தான்!

கயல், இங்க வா. உன் பாட்டி எழுத்து கோணலாத்தான் இருக்கும். மொதல்லருந்து சத்தமா வாசி. பனி சுடுற எடத்துல சிரிக்காம வாசிக்கிறியான்னு பாப்போம்.