அழகுமுத்துவும் மூன்றுதலை ஒயரும்

தேயிலை ஆலையின் சக்கரங்களைக் காத்தருளும் ரோதைமுனியே, பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் காவல்நிற்கும் பெருந்தெய்வமே, ஒரு நொடி ஆலையை விட்டு இந்தப் பக்கம் திரும்பு! மலைமுகடு தோய் மழைமுகில் தோட்டத்துக் கோமான், கொழுந்து நிறுக்கும் தராசேந்திய தடக்கையன், ஈரத்துக்கென்று கூடைக்கு இரண்டு ராத்தல் வெட்டி எந்தப் பெண்பிள்ளையின் சாபத்துக்கும் அஞ்சாத நெஞ்சன், பெற்ற தாய் சொன்னாலும் நிறுத்துப் பார்த்தே நம்பும் அழகுமுத்துக் கணக்கப்பிள்ளையின் பெரும்போரைப் பாடப்போகிறேன். பாடுவது என்றால் வசனத்தில்தான். இராகமெல்லாம் எனக்கு வராது.

எண்பத்தேழாம் ஆண்டு, மாசி மாதத்து ஞாயிறு. கப்பலேறி இந்தியாவுக்கு, திருச்சிப் பக்கம் போய்ப் பதின்மூன்று ஆண்டுகளாய் முகங்காட்டாத செல்லசாமி, தன் மகள் கல்யாணத்தை வீடியோ கசெட்டில் அடைத்து அனுப்பியிருந்தார். அவர் அழகுமுத்துவின் இல்லக்கிழத்தி வீரம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன். அந்தக் கசெட்டைக் கண்ணால் கண்டாலன்றிச் சோறு உண்ணேன் என்று விரதம் பூண்டாள் அம்மங்கை. அட்டனிலிருந்து ஒரே பகலுக்குக் கசெட் ஓட்டும் டெக் வாடகைக்கு வந்திறங்கியது. கொணர்ந்த வேன்காரன் லியனார்ட், "நாலு மணிக்குத் தூக்கிருவேன். டீவியில மாட்டுற ஒயர் இல்ல, நீங்களே பாத்து வாங்கிக்கங்க" என்று அசரீரிபோல் மொழிந்து மறைந்தான். லயத்து வீடுகளில் ஏது கரண்டு? ஆகவே கரண்டு வாய்த்த பிள்ளைமடுவத்தில், கைக்குழந்தைகளின் ஏணை தொங்கும் உத்தரத்தின் கீழ், தோட்டத்துப் பழைய டீவி அரியணை ஏறியது.

ஒயர் வேட்டைக்குப் புறப்பட்டான் வீரன். மூடுபனி கிழித்து முக்கி முனகி இறங்கிய பஸ்ஸில், தன் தொங்குதராசைச் சாக்கில் சுருட்டி மடியில் ஏந்தியவாறு, வழிநெடுக எவரோடும் பேசாமல், பேசினால் ஏமாற்றிவிடுவார்கள் என்ற பேரறிவோடு கினிகத்தேனை அடைந்து, மின்சாமான் கடை கஸ்பரின் முன் இடியேறு போல் தோன்றினான்.

"டீவிக்குப் பின்னால எத்தன ஓட்ட இருக்குங்க?" என்றான் கஸ்பர்.

"ஒண்ணு."

"அப்ப இதுதாங்க." இரு முனையிலும் ஒற்றை ஊசி கொண்ட மெல்லிய கறுப்பு ஒயரை எடுத்து வைத்தான்.

கடைக்காரன் எடுத்துத் தருவதை வாங்குகிறவன் வீரனா? நானும் வாங்கமாட்டேன், அது கிடக்கட்டும். கடை உத்தரத்தில் தராசை மாட்டினான் அழகுமுத்து. கறுப்பு ஒயரைத் தொங்கவிட்டான். முள், சாப்பாட்டுக்குப் பிந்திய கிளாக்கரைப் போல் அசையாது உறங்கிற்று. அடுத்து, மலைப்பாம்பனைய பருமனும், சிவப்பு வெள்ளை மஞ்சள் என முத்தலையும், தலைக்கொரு பொன்வளையமும் பூண்ட மாபெரும் ஒயரைத் தொங்கவிட்டான். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது! நகர்ந்ததும் முழங்கினான் வீரன்:

"கேளு கஸ்பர்! தாலி கட்டும், மேளமும், பந்தியும், அத்தன சனமும் அந்த நூலுக்குள்ளயா வரும்? கனக்குறதுதான் சரக்கு!"

"அண்ணே, அது புது டீவிக்குங்க. ஒங்க டீவில நொழையாது."

"நொழையாதத நொழைப்பேன். கட்டு!"

கஸ்பர் பெருமூச்செறிந்து, தராசையும் சாக்கையும் தானே வாங்கிக் கட்டிக் கொடுத்தான்.

மணி மூன்று. மூண்டது போர். ஒற்றைவாயிற் கோட்டையை முப்படையும் ஒருங்கே முற்றியதொப்ப, டீவியின் ஒரே ஓட்டையை மூன்று தலைகளும் முட்டின. மஞ்சள் மோதி மடங்கியது. சிவப்பு சறுக்கியது. வெள்ளை வெட்கிப் பின்வாங்கியது. திரையோ எண்ணெயில் கடுகு பொரிந்தாற்போல் பொரிந்துகொண்டேயிருந்தது. வெகுண்ட வீரன் கவ்வாத்துக் கத்தியை உருவி, மஞ்சள்தலையைத் தேயிலைச் செடியென எண்ணிச் சீவலானான்.

பெஞ்சிலிருந்த கொழுந்துக்காரி லெட்சுமி அடக்கமாட்டாமல் சொன்னாள்: "இன்னும் ரெண்டு ராத்தல் வெட்டுங்கையா, ஈரமா இருக்கும்!"

பிள்ளைமடுவம் அதிரச் சிரித்தது சனம். வீரம்மா சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்த சேலையை எடுத்து உடுத்தி, காலையிலிருந்து பட்டினியாய், பொரியும் திரையையே பார்த்திருந்தாள். மூன்றேமுக்காலுக்கு லியனார்டின் வேன் வளைவில் ஹோர்ன் அடித்தது.

எழுந்தாள் வீரம்மா. "நிறுத்துக் கிழிச்சது போதும், தள்ளுங்க" என்று கணவனை ஒதுக்கி, கத்தியைப் பறித்துத் தராசுச் சாக்கில் போடப் போனவள், உள்ளே கடதாசியில் சுருட்டிய பொட்டலமொன்றைக் கண்டாள். பிரித்தால், மெல்லிய கறுப்பு ஒயர்! கடதாசி ஓரத்தில் பென்சிலால், 'அண்ணே, கோவிக்காம இத மாட்டுங்க. கஸ்பர்.'

மாட்டினாள். பொரிவது அடங்கியது.

"பாத்தீங்களா! நம்ம பெரிய ஒயரு ஓட்டயப் பெருசாக்கி வச்சதாலதான் இது நொழைஞ்சிச்சு!" என்று வீரன் கத்தியற்ற கையை உயர்த்திப் பிரகடனம் செய்தருள, "பத்து நிமிசந்தான் தருவேன்" என்று லியனார்ட் வாசலை மறித்து நிற்க, நாதசுரம் பிளிற, மேளம் குமுற, வாழைமரம் தலையசைக்க, பட்டுடுத்திய பெருஞ்சனம் கடலெனத் திரண்டு திரையெங்கும் பொங்க, அக்கடலின் நடுவே மாலையும் கழுத்துமாய்ச் செல்லசாமி திரும்பி நேரே பார்க்க, பதின்மூன்றாண்டுத் தவம் பலித்த வீரம்மா திரையருகே போய்க் குனிந்து நோக்கினாள்.

அண்ணன் ரொம்ப மெலிந்துபோயிருந்தார்.