கிடார் பெட்டியை விற்பது பற்றி மச்சானுக்கு

திருவண்ணாமலை,
ஐப்பசி கடைசி, 1986.

மகாகனம் பொருந்திய மச்சான் சின்னசாமி அவர்களுக்கு, வாடகை சைக்கிள் கடை தருமன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பொன்னியும் காற்று இறங்காத சைக்கிள்களும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கச்சி கஸ்தூரியும் கவலையில் பாதியாக இளைத்துவிட்டதாகக் கேள்வி. உங்கள் தொப்பை மட்டுமாவது பழையபடி இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். மூன்றாம் கிளாஸிலேயே பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டுவிட்டதால் எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்க.

உங்கள் கடுதாசி கிடைத்தது. பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு நல்ல ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பையன் பரசுராமன் இப்போது தனி ஆளாக நின்று பாடி மெட்ராஸில் ஜெயித்துவிட்டான், அந்த கிடார்காரன் சீவகனின் தயவு இனிமேல் வேண்டாம், என் மாடி ரூமில் அடைத்துக்கொண்டு கிடக்கிற கிடார் பெட்டியை விற்றுத் தொலைத்துவிட்டு ரூமை வாடகைக்கு விடணும் என்று. சரி. ஆனால் அதே கடுதாசியின் அடியில் கஸ்தூரி பென்சிலால் எழுதியிருக்கிறாள், பார்த்தீர்களா? பையன் மேடையில் பாடுவதோடு சரி, வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை, குழம்பு வேண்டும் என்றாலும் கை ஜாடைதான், டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்கிறார், வர்ற வெள்ளிக்கிழமை கேசட் கம்பெனியில் பாட்டுப் பதிவு, அன்றைக்குக் குரல் வராவிட்டால் அவன் வாழ்க்கையே போச்சு, என்ன செய்யலாம் அண்ணே என்று. மச்சான், நீங்கள் எழுதியதற்கும் அவள் எழுதியதற்கும் சேர்த்து ஒரே பதில்தான். உட்கார்ந்து படியுங்க. விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்க.

உங்கள் பையன் பாடுகிற பாட்டுக்கு ஹெவி மெட்டல் என்று பெயராம். எங்களுக்குத் தெரிந்த கனத்த இரும்பு வேங்கிக்கால் ரோட்டில் ஜல்லி அழுத்துகிற ரோடு ரோலர் ஒன்றுதான். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் ஊருக்குப் போகும்போது தன் கரண்டு கிடாரையும் ரெண்டு கேசட்டையும் சீவகனிடம் கொடுத்துவிட்டுப் போனான். வியாதி அப்படித்தான் பரவியது. பரசு இங்கே என் வீட்டில் தங்கி ஐ.டி.ஐ. படித்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ரெண்டு பேரும் மாடி ரூமில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தார்கள். சீவகன் ஜைன வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டான். கல்யாண வீட்டில் கச்சேரி என்றால் பந்தி போடுவதற்குள் இருட்டிவிடும் என்று சமையல்காரன் பக்கத்தில் நின்று அரை வேக்காட்டில் தின்றுவிட்டு வருவான். "மாப்பிள்ளைக்கு முன்னாடி நீ சாப்ட்டுட்டியே, தாலியும் நீயே கட்டிடு"ன்னு சொல்வேன். சிரிப்பான், பேச மாட்டான். அவன் பேச்செல்லாம் கிடாரில்தான்.

அடி அண்ணாமலையில் ஒரு வரவேற்புக் கச்சேரி. பரசு மூணாவது வரியில் பாட்டை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். இந்தப் பிள்ளை சீவகன் ஒரு கம்பியை இழுத்தான் பாருங்க, பந்தலில் இருந்த காக்கா எல்லாம் எழும்பிப் போச்சு. சனங்க அதுவும் பாட்டு என்று கைதட்டுது. அதற்குள் பரசுக்கு வரி ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு மூச்சு வாங்கினால் இவன் நிரப்புவான். அவன் சுதி விலகினால் இவனும் கூடவே விலகிப் போய் அதுதான் சரியான வழி என்பது போல ஆக்கிவிடுவான். சைக்கிள் பழகுகிறவனுக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் ஓடுவானே, அந்த மாதிரி. மேலே உட்கார்ந்திருக்கிறவன் தான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வான். என் கடையில் தினமும் பார்க்கிறேன்.

இப்போது ஆயுத பூஜை அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடையில் எல்லா சைக்கிளுக்கும் பம்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை அதற்குச் சொந்தக்காரனே மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கணும், அதுவரை தொட்டு வேலை செய்யக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். பஞ்சர் என்று வந்தவனைக்கூடத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். மாடியில் சீவகன் கிடாருக்குச் சந்தனம் வைத்து, பெட்டியில் படுக்கவைத்து மூடி, மூடி மேலேயும் ஒரு பொட்டு வைத்து மாலை போட்டான். பரசு பார்த்துக்கொண்டே நின்றான்.

"எனக்கு மட்டும் ஆயுதம் இல்லியேடா?"

"ஏன் இல்ல? இந்தா இருக்குதே"ன்னு சீவகன் ஒரு விரல் சந்தனத்தை எடுத்து அவன் தொண்டையில் அப்பினான். மேலே குங்குமமும் வைத்தான். "நாளைக்குப் பூஜ முடிச்சு எடுக்கறவரைக்கும் வாயத் தொறக்காத."

"ஒரு நாளாவது தெரு நிம்மதியா தூங்கட்டும்டா"ன்னு நானும் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து முடிப்பதற்குள் தந்தி வந்துவிட்டது. பாடகன் மட்டும் உடனே வரவும், கிடார் வாசிக்க இங்கேயே ஆள் இருக்கிறது என்று மெட்ராஸ் கச்சேரி ஏஜெண்டு அடித்தது. பரசு வாயைத் திறந்தான். "நான் மட்டும் போறேன்"ன்னான். சீவகன் படியிறங்கிப் போனான். மறுநாள் விடிவதற்குள் உங்கள் பையன் கற்பூரமும் காட்டாமல், தொண்டையைக் கழுவிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தான். நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து பெட்டியை அப்படியே விட்டு, ரூமைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம், நல்ல வெளிச்சம், நான் ஒரு செயினை மாட்டிக்கொண்டிருக்கிறேன், மேலே கிடார் சத்தம். சரி, பிள்ளை கோபம் தணிந்து வந்துட்டான்னு, "சாப்ட்டியாடா? பொழுது போவுது பாரு"ன்னு குரல் கொடுத்தேன். சத்தம் நின்றது. யாரோ காதை வைத்துக் கேட்கிற மாதிரி ஒரு அமைதி. அப்புறம் மறுபடியும் ஆரம்பித்தது. வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களில் மணிகள் எல்லாம் யாரும் தொடாமலே லேசாக முனகின. அப்போதுதான் மச்சான், சாவி என் இடுப்பில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. மேலே போய்த் திறந்தேன். சத்தம் இல்லை. பெட்டி மூடியபடி. மாலை காய்ந்து சருகாகிவிட்டது. மூடி மேலே வைத்த சந்தனம் மட்டும் அப்போதுதான் அரைத்து வைத்தது போல ஈரமாக இருந்தது. விரலால் தொட்டேன். சில்லென்று இருந்தது. விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

"எலியா இருக்கும்"ன்னாள் பொன்னி.

"எலிக்கு ஏதுடி ராகம்?"

"உங்களுக்கே ராகம் தெரியும்போது எலிக்குத் தெரியாதா?"

பேசிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து மாடிப்படிப் பக்கம் அவள் போகிறதில்லை. அந்த வாரமே கஸ்தூரி கடுதாசி வந்தது, இன்ன சாயங்காலம் ஒரு காலேஜில் பரசு பாடினான், பசங்க தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று. அதே சாயங்காலம்தான் மச்சான். அப்புறமும் அப்படித்தான். இங்கே மேலே சத்தம் கேட்கும், பின்னாடியே அங்கே கைதட்டு என்று தபால் வரும். அங்கே அவன் பக்கத்தில் வாசிக்கிற கிடார்காரன்கூட, நான் ஒண்ணு வாசிக்கிறேன், காதில் வேறொண்ணு விழுகிறது என்று சொல்லி நின்றுவிட்டானாமே. நீங்கள்தான் அதை அவனுக்குப் பொறாமை என்று எழுதியிருந்தீர்கள்.

பிறகு அந்த மூட்டை விவகாரம். கீழ்பென்னாத்தூர் மணிலா வியாபாரி அப்பாதுரை, நாலு மூட்டை வேர்க்கடலை வைக்க இடம் கேட்டார். நான் சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். பொன்னி கீழே இருந்தபடியே சாவியைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். அவர் மூன்றைத் தரையில் வைத்துவிட்டு, மேடை மாதிரி இருக்கிறதே என்று நாலாவதைப் பெட்டி மேலே வைத்துவிட்டார். நான் திரும்பி வரும்போது மனுஷன் படியில் உருண்டு வருகிறார். "யோவ் தருமா, உள்ள யாருக்கோ மூச்சு முட்டுதுய்யா!" என்று ஓடினவர்தான். மூட்டையும் செருப்பும் இன்னும் இங்கேதான் இருக்கிறது, செருப்பு எனக்குச் சரியாக இருக்கிறது. நான் மேலே ஏறினேன். பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வாசிக்கிற சத்தம் இல்லை. கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் திணறுமே, அந்த மாதிரி. மூட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினேன். உடனே நீளமாக ஒரு பெருமூச்சு, என் காலருகே. நாலு நாளில் உங்கள் கடுதாசி வருகிறது. பாதிப் பாட்டில் பையனுக்குத் தொண்டை அடைத்துப்போய் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான், மூட்டை வைத்த மாதிரி அழுத்தியது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினான் என்று. படித்துவிட்டுப் பொன்னி அன்றைக்குச் சோறு பொங்கவில்லை.

இப்போது சொல்லுங்க மச்சான், உங்கள் பையன் தனி ஆளா? இங்கே அந்தப் பிள்ளையின் கிடார் வாசித்தால்தான் அங்கே அவன் தொண்டை திறக்கிறது. பாதி அல்ல, முழுசும் சீவகன் போட்ட பிச்சை. பெட்டியை விற்றால் உங்கள் பையன் குரலையும் சேர்த்து விற்றதாகும். அதனால் விற்க மாட்டேன். சீவகனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். அவன் வந்து கற்பூரம் காட்டிக் கிடாரை எடுக்கட்டும், பரசு வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை பதிவு தானாக நடக்கும்.

கஸ்தூரிக்கு என் ஆசீர்வாதம், உங்களுக்கு என் கும்பிடு, உங்கள் தொப்பைக்குத் தனியாக ஒரு கும்பிடு. அண்ணாமலையார் எல்லோரையும் கண் பார்க்கட்டும். தீபத்துக்குக் குடும்பத்தோடு வாருங்க, சைக்கிள் வாடகை கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் தருமன்.

பின்குறிப்பு: மேலே எழுதினது எல்லாம் தப்பு. கவரை ஒட்டப் போகும்போது சீவகன் வந்துவிட்டான். தோளில் போர்வையில் சுற்றிய கிடார். "இது ஏதுடா?"ன்னேன். "என்துதான் மாமா. மறுநாள் காலையில நீங்க பரசுவ பஸ் ஏத்தப் போயிருந்தீங்களே, அப்பவே வந்து கற்பூரம் காட்டி எடுத்துக்கினு போயிட்டேன். பெட்டி மட்டும் அவன் வாங்கிக் குடுத்தது, வேணாம்னு வச்சிட்டேன். அன்னிலேருந்து நான் வாசிக்கவே இல்ல." அன்றைக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பொன்னி, அவன் படுக்கையைச் சுற்றிக்கொண்டு போவதாக நினைத்தாளாம். "அப்ப பெட்டிக்குள்ள என்னடா?"ன்னேன். "என் ஆயுதத்த நான் எடுத்துக்கிட்டேன் மாமா. அதே பூஜையில வச்ச அவன் ஆயுதத்த, அந்தத் தொண்டைய, அவன் எடுக்கவே இல்லியே"ன்னான்.

மூன்று பேரும் போய் மூடியைத் திறந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் சிவப்பு வெல்வெட்டுத் துணி. இத்தனை நாள் நான் கிடார் என்று கேட்டதெல்லாம் பையனின் தொண்டைதான் போலிருக்கு. பையனைக் கூட்டிக்கொண்டு இந்தக் கடுதாசி கண்டதும் பஸ் ஏறுங்க மச்சான், அவன் கையால்தான் எடுக்கணும். அதுவரை பெட்டியை மூட மாட்டோம். சீவகன் படியில் உட்கார்ந்திருக்கிறான், பொன்னி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். ஏனென்றால் மூடியைத் திறந்ததும் அந்த வெறும் துணியிலிருந்து உங்கள் பையன் குரல்தான் கேட்டது, தெள்ளத் தெளிவாக:

"மாமா, மூட்டைய இன்னொரு தபா வைக்க மாட்டீங்களே?"